ஹில்டா மிஸ்ஸுக்கு ஒரு பாராட்டு விழா

பொழிச்சலூர்ப் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் ஹில்டா மிஸ் இருபத்தைந்து வருஷமாகக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார். தலைக்கு மேலே விமானம் இறங்கும்போதெல்லாம் பாடத்தை நிறுத்துவார். சத்தம் அடங்கியதும் விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொள்வார். அந்த வட்டாரத்தில் தட்டுத்தடுமாறிக் கணக்கில் பாஸானவர்களில் பாதிப் பேர் அவரிடம் குட்டு வாங்கினவர்கள்தான்.

துப்புரவு வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளுக்கு ஓர் உதவித்தொகை உண்டு. அதற்காக வகுப்பில் நின்றுகொண்டு, "அந்த வேல செய்யறவங்க பசங்கல்லாம் எழுந்திரு" என்று கூப்பிடுகிற புண்ணியவான்கள் இருக்கிறார்கள். எழுந்து நின்ற பிள்ளை அதற்கப்புறம் அந்த வகுப்பில் நிமிர்ந்து உட்காராது. ஹில்டா அப்படிக் கூப்பிட்டதே இல்லை. வகுப்பில் உள்ள அத்தனை பேரையும், கடைக்காரர் வீட்டுப் பிள்ளை உட்பட, ஒவ்வொருவராக மேசைக்கு அழைப்பார். கணக்குத் திருத்துகிற சாக்கில் குனிந்து பேசி, வேண்டியதைக் கேட்டுக்கொள்வார். காரியம் காதும் காதும் வைத்த மாதிரி முடிந்துவிடும். "உங்களுக்கு வேற வேலையே இல்லையா மேடம்?" என்று தலைமையாசிரியர் சலித்துக்கொண்டால், "இல்ல சார்" என்பார்.

அப்படிக் காப்பாற்றப்பட்டவர்களில் ஒருவன் தினகரன். அவன் அப்பா தசரதன் செப்டிக் டேங்க் லாரியில் போகிறவர். குழாய்க்கு மசியாத அடைப்பென்றால் அவரே குழிக்குள் இறங்கவேண்டும். கூடப் படித்த ஒருத்தனுக்கும் அது தெரியாமலேயே தினகரன் பள்ளியை முடித்தான். இன்றைக்குக் கூடுவாஞ்சேரியில் மனை விற்கிறான். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கார், பின்னாலேயே நாலு பேர்.

அவன்தான் ஒருநாள் பள்ளிக்கு வந்து நின்றான். "மிஸ், நம்ம நண்பர்கள் குழு சார்பா உங்களுக்கு ஒரு விழா எடுக்கறோம். வேணாம்னு சொல்லக்கூடாது."

"எனக்கு எதுக்குடா அதெல்லாம்? ஒரு பொண்ணு படிப்புக்கு ஏதாவது செய்."

"சொல்லுங்க மிஸ். எந்தப் பொண்ணு, வூட்ல இன்னா கஷ்டம், எல்லாம் சொல்லுங்க. காலேஜ் முடிக்கிற வரைக்கும் நம்ம பொறுப்பு."

ஹில்டா சொல்லிவிட்டார். பன்னிரண்டாம் வகுப்பு உதயா. கணக்கில் புலி. அப்பா ஜெயவேலு குழியில் இறங்குகிறவர். வகுப்பில் எல்லோரிடமும் அவரை டிரைவர் என்று சொல்லி வைத்திருக்கிறாள். ஒரு சாயங்காலம் அழுதுகொண்டே உண்மையை மிஸ்ஸிடம் மட்டும் சொன்னாள். மற்றவர்களிடம் வாயைத் திறக்காத ஹில்டா, தினகரனிடம் மட்டும் திறந்ததற்குக் காரணம் ஒன்றுதான். அந்த வலி அவனுக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியப்போகிறது?

"உன்னோட இருக்கட்டும்" என்றார்.

"என்ன மிஸ், எனக்குப் போய் சொல்றீங்களே" என்றான்.

விழா ஞாயிறு காலை, மேற்குத் தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில். வாசலில் ஆளுயரத்துக்கு ஹில்டாவின் படம். கணவர் சவுரிமுத்து ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்து, "நம்ம கல்யாணத்துக்குக்கூட இவ்ளோ பெரிசா வைக்கல" என்று சிரித்தார். ஹில்டாவுக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. ஏன் இருக்கக்கூடாது?

பன்னிரண்டாம் வகுப்பை மொத்தமாக அழைத்து வந்து பக்கவாட்டில் உட்கார வைத்திருந்தார்கள். தினகரன் மைக் பிடித்தான். "எங்கப்பா சொந்தமா லாரி வச்சு டிரான்ஸ்போர்ட் பிசினஸ் பண்ணவரு. அவர்கிட்ட உழைப்பைக் கத்துக்கிட்டேன், மிஸ்கிட்ட கணக்கைக் கத்துக்கிட்டேன்" என்றான். கைதட்டல். ஹில்டா தலையைக் குனிந்துகொண்டார். அது அவன் இஷ்டம், அவன் அப்பா.

பூங்கொத்து கொடுக்க உதயாவை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவள் சிரித்துக்கொண்டேதான் ஏறி வந்தாள். பூங்கொத்தை நீட்டுகிற நேரத்தில் பின்னால் இருந்த பெரிய திரையில் சோக இசையோடு படம் ஓடத் தொடங்கியது. உதயாவின் முகம். அதன் கீழே கொட்டை எழுத்தில், 'மலக்குழியில் இறங்கும் தொழிலாளியின் மகள். இவளைக் கரையேற்றும் ஆசிரியை.' சபையைப் பார்த்து நின்ற உதயாவுக்குத் திரை தெரியவில்லை. கீழே உட்கார்ந்திருந்த வகுப்புத் தோழிகளின் முகம்தான் தெரிந்தது. அவர்கள் பார்த்த பார்வையில் அவள் சிரிப்பு நின்றது. திரும்பிப் படித்தாள். பூங்கொத்தை மேசையில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

ஹில்டா அவள் பின்னால் போகத் திரும்பினார். அதே நேரத்தில் தோளில் பொன்னாடை விழுந்தது. ஏற்புரைக்கு மைக்கைக் கையில் கொடுத்தார்கள். தினகரன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண்ணில் பயம் தெரிந்தது. ஒரே ஒரு வாக்கியம் போதும், அவன் மானம் கப்பலேறிவிடும். ஹில்டாவுக்கு நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. ஆனால் அந்த நாக்கு இத்தனை வருஷமாக வேறு மாதிரிப் பழகியது.

"எந்தப் பிள்ளையோட அப்பா என்ன வேலை செய்யறார்னும் நான் வெளிய சொன்னதில்ல. நீங்களும் சொல்லியிருக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னார். அதற்கும் கை தட்டினார்கள். படுபாவிகள்.

மேடையைவிட்டு இறங்கியதும் தினகரன் ஓடி வந்தான். "தப்பா எடுத்துக்காதீங்க மிஸ். டச்சிங்கா இருந்தாதான் நாலு பேர் உதவிக்கு வருவாங்கனு வீடியோ பண்றவன் சொன்னான்."

"உங்கப்பா கதை டச்சிங்கா இல்லியாடா?"

அவன் சுற்றும்முற்றும் பார்த்தான். "மெதுவா மிஸ். மாமனார் வூட்டு ஆளுங்கல்லாம் முன்னாடிதான் குந்தினுகீறாங்க. சாப்ட்டுட்டுப் போங்க மிஸ்."

நம்ப வைத்துக் கழுத்தறுத்தவன், பந்திக்கும் உபசரிக்கிறான். ஹில்டா வெளியே நடந்தார்.

பஸ் நிறுத்தத்தில் உதயா தனியாக நின்றிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் ஹில்டாவுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"உதயா, அவன் இப்படிப் பண்ணுவான்னு எனக்குத் தெரியாதும்மா. என்னையும் ஏமாத்திட்டான். நீ பரீட்சையை விட்டுடாதே, நாளைக்கு ஸ்கூலுக்கு..."

"அந்த அண்ணனோட அப்பாவும் எங்கப்பாவும் ஒரே லாரிதான் மிஸ். ஒரே குழியிலதான் எறங்குவாங்க. எனக்குச் சின்ன வயசுலேர்ந்து தெரியும்." உதயா ரோட்டையே பார்த்துக்கொண்டு பேசினாள். "அவரு அப்பா டிரான்ஸ்போர்ட்டுனு சொல்றாரு, நீங்க பக்கத்துலயே உக்காந்துகினு இருக்கீங்க. மைக் குடுத்தாங்க, அப்பவும் சொல்லல."

"நான் யாரைப் பத்தியும் சொல்ல மாட்டேன், உதயா."

"என்னப் பத்தி சொன்னீங்களே மிஸ்."

பஸ் வந்தது. அவள் ஏறிக்கொண்டாள்.