உறிக்கு ஒரு லோடு டெஸ்ட்

தலைப்பிரசவத்துக்கு என் மகள் மீஞ்சூரில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. மணவாள நகரில் மாமியார் வீட்டோடு இருந்துவிட்டாள். அக்கம்பக்கத்தில் யார் கேட்டாலும் டாக்டர் அலையக் கூடாது என்று சொல்லிவிட்டதாக என் மனைவி பொய் சொன்னாள். உண்மைக் காரணம் என் சட்டைப் பையில் இருந்தது. ஆஸ்பத்திரியில் பேரனைத் தூக்கக் கையை நீட்டினேன். மகள் என் விரலை மோந்து பார்த்துவிட்டுக் குழந்தையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"கை பூரா சிகரெட் நாத்தம் நைனா. நீ அத்த உடு, நான் கொயந்தைய தூக்கினு வரேன்."

"விட்டாச்சு" என்றேன். அதற்கு முன்பே பலமுறை விட்டவன் நான்.

அவளுக்கு என்னைத் தெரியும். அடுத்த வாரம் மருமகன் ஒரு பொட்டலத்தோடு வந்தார். வெள்ளைப் பருத்திக் கயிறு, மர வளையம் இரண்டு. மேக்ரமேவாம். கயிற்றை முடிச்சு முடிச்சாகப் பின்னிப் பூந்தொட்டி தொங்கவிடுகிற வேலை. "கைக்கு வேல இருந்தா வாய் கம்முனு கெடக்கும்" என்று மகள் போனில் சொன்னாள். என் மனைவி பொட்டலத்தின் மேலிருந்த படத்தைப் பார்த்துவிட்டு, "இது உறிதான? இதுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ பெரிய பேரு?" என்றாள்.

கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் நான் ரிக்கர். கிரேன் கொக்கியில் கயிறு மாட்டி, கம்பிக் கட்டுகளைத் தூக்க வைப்பவன். முடிச்சைப் பற்றி எனக்கே பாடமா என்று, மகள் போனில் அனுப்பிய பின்னல் வீடியோவைப் பாதியில் நிறுத்தினேன். அந்தப் பாதிக்குப் பிறகுதான், வேண்டிய நீளத்தைப்போல நாலு மடங்கு கயிறு வெட்ட வேண்டும் என்று வீடியோவில் பின்னிக் காட்டிய பெண் சொல்லியிருக்கிறாள். என் முதல் உறியில் ஓர் எலுமிச்சம்பழம் வைக்கலாம். இரண்டாவதில் நீளம் சரி. ஆனால் இடப்பக்கம் ஒரு முறை, வலப்பக்கம் ஒரு முறை என்று மாற்றிப் போட வேண்டிய முடிச்சை நான் வலப்பக்கமாகவே போட்டதில் பின்னல் சுற்றிக்கொண்டு போனது. கயிறு சரியில்லை என்றேன். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்.

"தொட்டி மாட்டுவன்னு பாத்தா முறுக்கு சுட்டுனு கீற" என்றாள் மனைவி.

காலை ரயிலிலும் பின்னினேன். ஜன்னல் கம்பியில் வளையத்தைக் கட்டிவிட்டு உட்கார்ந்தால் பொன்னேரி வருவதற்குள் ஒரு சாண் ஏறும். கூட வேலை செய்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? "இன்னா தலைவா, வலை பின்றியா? வேலைய உட்டுட்டு பழவேற்காட்டுக்குப் போறியா?" என்று கேட்டார்கள். மானம் போனாலும் சிகரெட் ஞாபகம் வரவில்லை. பொய் சொல்வானேன், கொஞ்சம் குறைவாக வந்தது.

மூன்றாவது உறி ஒழுங்காக வந்தது. மனைவி மணிபிளான்ட் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் தடுத்தேன். எங்கள் ஆலையில் புதுக் கயிறு எதையும், தாங்க வேண்டிய எடையைவிடக் கூடுதலாக ஏற்றிப் பார்க்காமல் வேலைக்கு விடமாட்டோம். சோதித்தாகிவிட்டது என்பதற்குப் பச்சை அடையாளம் போடுவோம். பச்சை ரிப்பன்கூட வாங்கி வைத்திருந்தேன். கூடத்து உத்தரக் கொக்கியில் உறியை மாட்டி, இருபது லிட்டர் தண்ணீர் கேனை அதில் ஏற்றினேன்.

"அதுல செடி வெக்கப் போறியா, கெணறு வெக்கப் போறியா?"

கேனைப் பார்த்துக்கொண்டு கைகட்டி நின்றேன். கொக்கி, ஒரு பிடி சிமென்ட்டோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. கேன் வெடித்துக் கட்டிலுக்கு அடியில் எல்லாம் தண்ணீர். "பாரு, என் முடிச்சு ஒண்ணுகூட அவுரல" என்று உறியைத் தூக்கிக் காட்டினேன். மனைவி தரையைத் துடைத்துக்கொண்டே கண்ணில் நீர் வரச் சிரித்தாள். துடைக்கும்போது கொக்கி அவள் கையில் அகப்பட்டது. அதன் கழுத்து துருவில் பாதியாகத் தேய்ந்திருந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

"இதுலதான்யா கொயந்தைக்குத் தூளி கட்றதா இருந்தோம்."

ஆலையில் தினமும் ஒவ்வொரு கொக்கியாகத் தடவிப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவன், வீட்டில் இருந்த ஒரே கொக்கியை அண்ணாந்துகூடப் பார்த்ததில்லை. கொக்கியை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். புதுக் கொக்கி வாங்கி வருகிறேன் என்று வெளியே போனேன். என் கால் தானாகத் தெருமுனைப் பெட்டிக்கடையில் நின்றது. கடைக்காரர் கேட்காமலே என் சிகரெட்டை எடுத்து நீட்டினார். சத்தியமாக வாங்கியிருப்பேன். ஆனால் வலது கையில் அந்தத் துருப்பிடித்த கொக்கியை இன்னும் இறுக்கிப் பிடித்திருந்தேன்.

"வேணாம்பா" என்று சொல்லிவிட்டு இரும்புக் கடைக்கு நடந்தேன்.

புதுக் கொக்கியைப் பொருத்தி, அதில் நானே தொங்கிப் பார்த்தேன். மனைவி பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். பிறகு அவளே மகளுக்குப் போன் செய்து, பெட்டிக்கடையில் சிகரெட் வாங்காமல் வந்ததாக நான் சொன்னதையும் ஒப்பித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். முதலில் திரைச்சீலையை மோந்து பார்த்தாள், பிறகு என் சட்டையை, கடைசியில் என் விரல்களை. குழந்தையை என் கையில் வைத்தாள். பத்து டன் கம்பிக் கட்டுக்குக் கயிறு மாட்டும் கை, இந்தச் சின்ன உடம்பை எங்கே பிடிப்பது என்று தேடியது.

"கெட்டியா புடி நைனா" என்றாள். குழந்தைக்கு அடியிலிருந்து தன் கையை அவள் இன்னும் எடுக்கவில்லை.