தொகுஜி குனிந்தது நன்றிக்கல்ல

ஃபுகுஷிமா அணு உலை வெடித்த மறுநாள் எடுத்த அந்தக் காட்சியை நாடே பார்த்திருக்கிறது. ஊரைக் காலி செய்து வந்தவர்களின் முகாம் வாசலில் ஒரு கிழவர் அதிகாரி முன்னால் குனிகிறார். நிமிரவே மாட்டேன் என்கிறார். பின்னணியில் பியானோ இசை. "எல்லாம் இழந்தும் நன்றி சொல்கிறார். இதுதான் ஜப்பானியர்" என்று ஒரு குரல் தழுதழுக்கிறது.

நன்றியாம், நன்றி! அடுத்த பண்ணைக்காரி நான், பக்கத்தில்தான் நின்றேன். அவர் சொன்னது இதுதான்:

"ஐயா, தொழுவத்துல பதினெட்டு மாடு கழுத்துப் பூட்டோட நிக்குது. ஒரு மணி நேரம் விடுங்க, தொறந்துவிட்டுட்டு ஓடியாந்துர்றேன்!"

கல்யாணத்தன்றும் பால் கறந்துவிட்டு வந்த மனுஷன் தொகுஜி. நாங்கள் நன்றிக்கும் குனிவோம், மன்னிப்புக்கும் குனிவோம், கெஞ்சவும் குனிவோம். டி.வி.யில் பேச்சை வெட்டிவிட்டால் யாருக்குத் தெரியும்? அதிகாரி விடவில்லை.

பள்ளிப் பிள்ளைகளின் அட்டைகள் மூட்டை மூட்டையாக வந்தன. "தாத்தா, உங்களால் ஜப்பானில் பிறந்ததற்குப் பெருமைப்படுகிறோம்."

"மாட்டைப் பத்தி ஒருத்தரும் கேக்கலையேம்மா" என்றார் என்னிடம். டி.வி.க்காரர்களிடம் உண்மையைச் சொல்லப் போனவரை முகாம் தலைவர் மறித்தார்.

"சும்மா இருங்கண்ணே. உங்களால நாடே தலை நிமிந்து நிக்குது. வாயத் தொறந்து கெடுத்துறாதீங்க."

பிறருக்குத் தொந்தரவு கூடாது என்றே வளர்ந்தவர், வாயை மூடிக்கொண்டார்.

இரண்டு மாதம் கழித்து, கதிர்வீச்சுத் தடுப்பு வெள்ளை உடுப்பு மாட்டி எங்களை இரண்டு மணி நேரம் ஊருக்குள்ளே விட்டார்கள். பதினெட்டும் பூட்டோடு செத்துக் கிடந்தன. பசியில் தூண்களைக் கடித்துக் குதறியிருந்தன. அவர் ஒவ்வொரு பூட்டாகத் திறந்தார்.

"இப்ப எதுக்குண்ணே?"

"இதுக்குத்தானே கெஞ்சினேன்."

பத்தாம் ஆண்டு நினைவுக்கு டி.வி.யிலிருந்து ஒரு பெண் வந்தாள். "தாத்தா, அன்னைக்கு மாதிரியே ஒரு தடவை குனிஞ்சு காட்டுங்களேன்."

தொகுஜி குனியவில்லை. நேராக நின்று எல்லாவற்றையும் சொன்னார். பூட்டு, தூண், பதினெட்டு மாடுகளின் பெயர், ஒன்று விடாமல். அந்தப் பெண் அழுதேவிட்டாள். சரி, இனியாவது ஊருக்குத் தெரியும் என்று நானும் நம்பித் தொலைத்தேன்.

அன்று மாலை அவர் வீட்டில் டி.வி. முன்னால் உட்கார்ந்தோம். அதே பழைய குனிவு. அதே பியானோ. அப்புறம் இன்றைய தொகுஜி: உதடு அசைகிறது, கண் கலங்குகிறது. மேலே அந்தக் குரல்: "பத்தாண்டுகள் கழித்தும் நன்றி மறவாத மனிதர்."

அவருக்குக் காது இப்போது மந்தம். என் பக்கம் திரும்பினார்.

"மாட்டுப் பேரு ஒண்ணாவது வந்துச்சாம்மா?"

"வரலண்ணே" என்றேன்.