காரணம் கேட்காத வியாழக்கிழமை

ரிஸ்பர் அவினோ ஒரு மாவு மில்லில் வளர்ந்தவள். அவளுடைய அப்பா அங்கே சோளம் அரைப்பவர். மில் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிப் பழகியதால் அவளுக்கு மெதுவாகப் பேசவே வராது. ஏரிக்கரையில் உள்ள எங்கள் பெண்கள் விடுதிப் பள்ளியில் மூன்றாம் ஃபாரம் படிக்கும்போது அவளைச் சாப்பாட்டுக்கூடத் தலைவியாக்கினார்கள். நான் அங்கே சமையல்காரி. அவள் சட்டையில் பேட்ஜைக் குத்திக்கொண்டு வந்தாலே எங்களுக்கு ஒரு வம்பு உண்டு.

"அம்மா, இன்னிக்கும் உகாலிக் களி அடிப்பிடிச்சிருச்சா? ஏரி வரைக்கும் வாசம் வருது."

"வந்தா வரட்டும், மீனுங்க சாப்பிட்டுட்டுப் போகுது. நீ தட்டை எடு."

அவளுக்குப் பக்கத்துக் கட்டிலில் படுப்பவள் லென்சா. ஜனவரியில் லென்சாவின் அண்ணன் போன படகு ஏரியில் கவிழ்ந்தது. அடக்கம் முடிந்து பள்ளிக்குத் திரும்பியவள் பல நாள் தட்டைத் தொடாமல் தள்ளி வைத்தாள். கேட்டேன். "உபவாசம், அம்மா" என்றாள். எங்கள் ஜெபக்குழுப் பிள்ளைகள் புதன்கிழமைதோறும் உபவாசம் இருப்பது வழக்கம். இவள் மற்ற நாளும் இருக்கிறாளே என்று எனக்கு உள்ளம் குளிர்ந்தது. "லென்சாவைப் பாத்துக் கத்துக்குங்க" என்று வரிசையில் நிற்கும் பிள்ளைகளிடம் சொன்னேன். அவளுக்கென்று மதியச் சாப்பாடு எடுத்து வைப்பதையும் நிறுத்திவிட்டேன். கர்த்தர் என்னை மன்னிக்கட்டும்.

லென்சா திரும்பி வந்த மூன்றாவது வாரம் ரிஸ்பர் விறகுக் குவியலுக்குப் பின்னால் என்னைக் கூட்டிப் போனாள்.

"அம்மா, அவளைப் புகழாதீங்க."

"உபவாசம் இருக்கிற பிள்ளையைப் புகழாம?"

"அது உபவாசம் இல்ல. நீங்க புகழப் புகழ அவளுக்கு ஒளிஞ்சுக்க நல்ல இடமாப் போச்சு. தூங்கறதே இல்ல. நானும் அந்தப் படகிலயே போயிருக்கலாம்னு சொல்றா."

"ஒகெச் சார்கிட்ட போகச் சொல்லேன்" என்றேன். மனக்குறை கேட்பதற்குப் பள்ளியில் அவரைத்தான் வைத்திருந்தார்கள்.

"தண்டனைன்னு புல் வெட்ட அனுப்பறதும் அவரு, கண்ணீர் துடைக்கறதும் அவரா? அவரு அறைக் கதவுகிட்ட நின்னா, என்ன திருடினேன்னு கேப்பாங்க. அதோட அவரைப் பாக்கச் சீட்டு வேற எழுதணும். ரெண்டு டீச்சர் கையெழுத்து, 'காரணம்'னு ஒரு கட்டம். லென்சா என்னத்த எழுதுவா?"

ரிஸ்பர் சும்மா இருக்கவில்லை. பல்வலி என்று பொய் சொல்லிச் சுகாதார நிலையத்துக்குப் போய், நர்ஸ் பெனினாவிடம் எல்லாம் சொன்னாள். "அவளைத் தனியா விடாதீங்க. பள்ளி சரின்னு சொன்னா வாரம் ஒரு நாள் நானே வர்றேன்" என்றார் அவர். அன்றிலிருந்து இரண்டு கட்டில்களையும் ஒட்டிப் போட்டுப் படுத்தார்கள். பகலில் லென்சாவை அடுப்படிக்கு அழைத்து என் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன்.

பருவத்துக்கு ஒருமுறை தலைமையாசிரியை முன்னால் பிள்ளைகள் குறை சொல்லும் கூட்டம் நடக்கும். எப்போதும் சாப்பாட்டுப் பேச்சுதான். ஞாயிற்றுக்கிழமை ரொட்டி, தேநீரில் இன்னும் சர்க்கரை, இந்த இரண்டையும் கேட்கச் சொல்லித்தான் ரிஸ்பரை அனுப்பினார்கள். பதில் சொல்ல சமையல்காரர்கள் நாங்களும் பின்னால் நின்றோம்.

எழுந்தவள் ரொட்டியைப் பற்றிப் பேசவே இல்லை. "மனசு சரியில்லாதவங்க சீட்டு இல்லாம, காரணம் எழுதாம பேச ஒரு ஆள் வேணும், மேடம். அந்த ஆள் தண்டிக்கிறவரா இருக்கக் கூடாது."

"ரொட்டி! ரொட்டி!" என்று பின்வரிசை கத்தியது.

தலைமையாசிரியை ஓபியெரோ கையை உயர்த்தினார். "யாருக்கு மனசு சரியில்ல? பேரைச் சொல்லு. இன்னிக்கே கூப்பிட்டு எல்லாரும் ஜெபம் பண்ணி, வீட்டுக்கு அனுப்பி வைக்கிறேன்."

"அதனாலதான் மேடம் பேர் சொல்ல மாட்டேங்கறேன்."

சிரிப்பு வெடித்தது. ஓபியெரோ அம்மாவுக்கு முகம் கறுத்தது. "பேரைச் சொல்லு, இல்ல பேட்ஜைக் கழட்டு."

லென்சா மூன்றாவது வரிசையில் தலையைக் கவிழ்த்திருந்தாள். ரிஸ்பர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பேட்ஜைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "நர்ஸ் பெனினா வியாழக்கிழமை வர்றேன்னு சொல்லியிருக்காங்க, மேடம்" என்றாள்.

ஓபியெரோ அம்மா அந்தப் பேட்ஜை எடுத்து மேசை இழுப்பறைக்குள் போட்டார். பிறகு, "நர்ஸே வர்றேன்னா நான் என்ன சொல்ல? வந்தா எங்க உக்காருவாங்க? அறை ஏது?" என்றார்.

நான் கையைத் தூக்கினேன். "பயறுல கல்லு பொறுக்கற கொட்டகை இருக்கு, மேடம். அங்க எல்லா வகுப்பும் முறை வெச்சு வருது. ஏன் வந்தேன்னு யாரும் கேக்க மாட்டாங்க."

"ஒரு பருவம் பாக்கலாம்" என்றார். பேட்ஜ் திரும்பி வரவில்லை. பிள்ளைகள் அவளுக்கு டாக்டர் என்று பெயர் வைத்தார்கள். "டாக்டரம்மா, எங்க ரொட்டிக்கு என்ன வியாதி?" என்று தேநீர் வரிசையில் கேட்பார்கள். "வராத வியாதி" என்று சொல்லிவிட்டுத் தன் கோப்பையை நீட்டுவாள்.

முதல் வியாழக்கிழமை, மூட்டைகளை அடுக்கி மறைத்த மூலையில் நர்ஸ் வந்து உட்கார்ந்தார். பிள்ளைகள் பயறைப் பொறுக்கியபடி ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். ஒருத்தியும் எழவில்லை. லென்சா கதவோரம் விறைத்து உட்கார்ந்திருந்தாள்.

ரிஸ்பர் எழுந்தாள். "நான் போறேன். எனக்குத் தினமும் பயமா இருக்கு. தூங்கிட்டா என்ன ஆகுமோன்னு நானும் தூங்கறதில்ல." மில்லில் பேசும் அதே குரல்.

மூட்டைக்குப் பின்னாலிருந்து அவள் அழுகிற சத்தம் கேட்டது. அவளுக்கும் பேச ஒரு ஆள் வேண்டியிருந்தது என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. அவள் வெளியே வந்ததும் நான்காம் ஃபாரம் பெண் ஒருத்தி உள்ளே போனாள். அவளுக்குப் பிறகு ஒரு சின்னப் பெண்.

லென்சா அடுத்த வாரம்தான் போனாள். வகுப்பு மணி அடித்தும் வெளியே வரவில்லை. நான் மனதுக்குள் ஜெபித்துக்கொண்டே கொட்டகைக்கு எதிரே அடுப்பைக் கவனித்தேன். ரிஸ்பர் வகுப்புக்குப் போகாமல் பயறு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

லென்சா கண் வீங்கி வந்தாள். உள்ளே என்ன பேசினாய் என்று ரிஸ்பர் கேட்கவில்லை.

"எங்க அம்மாவை வரச் சொல்லிப் பேசலாமான்னு நர்ஸ் கேட்டாங்க. சரின்னுட்டேன்" என்றாள் லென்சா தானாகவே. "அடுத்த வாரமும் வரணுமாம்."

"சரி, உக்காரு" என்று ரிஸ்பர் நகர்ந்து இடம் விட்டாள். "இந்தக் குவியல்ல பாதிக்குப் பாதி கல்லு. நான் ஒருத்தியே எவ்வளவு பொறுக்கறது?"