பஸ்ஸில் போட்ட கணக்கும் பக்கத்து சீட்டு அக்காவும்

இன்னைக்கு சாயங்காலம் கள்ளக்குறிச்சியில வடக்கனந்தல் வழியா போற பஸ் ஏறி, மடியில நோட்டை விரிச்சேன். நாளைக்கு நியூமெரிக்கல் கம்ப்யூட்டிங் அசைன்மென்ட் வைக்கணும்.

பெரிய வித்தை இல்ல. சமன்பாட்டுக்கு ஒரு குத்துமதிப்பான விடையை வெச்சு, நம்பர் மாறாம நிக்கற வரைக்கும் அதையே திருத்திக்கிட்டே போகணும். முதல்ல 2.1, அடுத்த வரியில 2.094568, இப்படி.

பக்கத்து சீட்டு அக்கா நோட்டையே முறைச்சாங்க.

"இன்னாம்மா எழுதிக்கினு வர்ற?"

"காலேஜ் கணக்குக்கா."

"யார்கிட்ட கத வுடுற? மூணு நம்பர் லாட்டரிதான இது? எங்க வூட்டுக்காரரு இதாலதான் கெட்டாரு. கண்டக்டர கூப்புடட்டா?"

ஐ.டி. கார்டைக் காட்டினேன். போட்டோவையும் என் மூஞ்சியையும் மாத்தி மாத்திப் பார்த்தாங்க.

"எல்லாருந்தான் கார்டு மாட்டிக்கினு சுத்துறாங்க."

கார்டை உள்ள வெச்சுட்டு மீதி வரிகளை அவசரமா எழுதி முடிச்சேன். வடக்கனந்தல் நெருங்கும்போது அவங்க குரல் திடீர்னு இறங்கிடுச்சு.

"செரி, இந்தக் கடசி வரி இனிமே மாறாதுல்ல?"

"மாறாதுக்கா."

என் பேனாவையே வாங்கி, மகளிர் டிக்கெட்டுக்குப் பின்னாடி அந்த வரியோட கடைசி மூணு நம்பரை எழுதிக்கிட்டு இறங்கிட்டாங்க. கெட்டது வூட்டுக்காரர் மட்டும்தானான்னு எனக்கு இப்ப சந்தேகம்.

வீட்டுக்கு வந்து சரிபார்த்தா, கடைசி வரியில 551க்குப் பதிலா 515னு எழுதி வெச்சிருக்கேன்.

அந்த நம்பருக்கு விழலன்னா அக்கா என்னைத் தேடுவாங்க. விழுந்துட்டா தினமும் தேடுவாங்க.

நாளைக்கு நான் எந்த பஸ்ல போறது, சொல்லுங்க.