நான் எழுதிக் கொடுத்த எட்டாம் வகுப்பு

1941-ஆம் வருஷம், மார்கழி மாதம். பட்டாளத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வந்த ஒரு கடிதத்தை ஒன்பது நாள் என் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். சோறு இறங்கவில்லை. ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போதே எழுந்து வாசல் வரை போவேன், ரோட்டைப் பார்ப்பேன், திரும்பி வருவேன். யாராவது சைக்கிளில் வந்தால் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்வேன். செத்தாலும் தேவலை என்று நினைத்த நாட்கள் அவை. அப்படிக் கிடந்த என்னை மதுரகாளி ஆத்தா எப்படித் தூக்கி நிறுத்தினாள் என்பதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்று வெகு நாளாய் நினைத்திருந்தேன். நல்லவன் கஷ்டப்பட்ட கதை இல்லை இது. தப்பு செய்தவன் நான்.

அப்போது குன்னத்துக்குப் பக்கத்தில் ஒரு ஊரில், எட்டாம் வகுப்பு வரை இருந்த பள்ளிக்கூடத்தில் நான் வாத்தியார். ஹெட்மாஸ்டர் நெஞ்சு நோயோடு நீண்ட லீவில் போயிருந்தார். பள்ளிக்கூடத்து முத்திரையும் ரெஜிஸ்தர்களும் என் பொறுப்பில் இருந்தன. எனக்கு இருபத்தெட்டு வயது. என் மனைவி செல்லம்மாவுக்குத் தாய் தகப்பன் இல்லை. ஒரே தம்பி, தங்கராசு. இருபது வயது. எங்கள் வீட்டில்தான் இருந்தான்.

தங்கராசு அஞ்சாம் வகுப்பில் பாதியில் நின்றவன். ஏர் பிடிப்பான், கமலை பூட்டித் தண்ணீர் இறைப்பான், ஒரு நாளில் முக்கால் காடு களை வெட்டுவான். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பான். இங்கிலீஷில் தன் பெயரை மட்டும் படம் வரைவது போல வரைவான். மழையை நம்பிப் பருத்திக் காட்டில் கிடக்க அவனுக்குப் பிடிக்கவில்லை. அந்த வருஷம் ஆனி மாதம், அரியலூரில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தண்டோரா போட்டார்கள். எட்டாவது தேறியவனுக்குத் தந்திப் பிரிவு, படிக்காதவன் துப்பாக்கி தூக்கப் போகவேண்டும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

தங்கராசு அன்றைக்கே என்னைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா, நீங்க ஒரு சர்ட்டிபிகேட்டு எழுதிக் குடுத்தா நான் மனுசனாயிடுவேன்."

"அஞ்சாவதே நீ முடிக்கலையேடா."

"அங்க போயி கத்துக்கிறேன் மாமா. யாரு வந்து பாக்கப் போறா?"

செல்லம்மாவும் சேர்ந்துகொண்டாள். "இவன் எப்படியும் போகத்தான் போறான். சொன்னா கேக்கற ஆளில்ல. துப்பாக்கி புடிச்சு முன்னால போய் நிக்கறதுக்கு, தந்தி அடிச்சிக்கிட்டு பின்னால இருக்கறது எவ்வளவோ மேல். எழுதிக் குடுங்க."

அவள் பயம் எனக்குப் புரிந்தது. ஆனால் அவள் கேட்டதற்காக மட்டும் நான் எழுதவில்லை. முத்திரை என் கையில் இருக்கிறது, நான் நினைத்தால் ஒருவனை ஆளாக்க முடியும் என்ற நினைப்பு எனக்கே இனித்தது. ரெஜிஸ்தரில் காலியாக விட்டிருந்த ஒரு வரியில் அவன் பெயரை நுழைத்தேன். தனித்தாளில் 'எட்டாம் வகுப்பு தேறினான்' என்று எழுதி முத்திரை குத்தினேன். ஐந்து நிமிஷ வேலை.

அரியலூர் ஸ்டேஷனில் அவனை ரயிலேற்றிவிட்டு வந்தோம். ஜன்னல் வழியாகக் கையை ஆட்டிக்கொண்டே போனான். செல்லம்மா ஊர் வந்து சேரும்வரை கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஆனால் தலை நிமிர்ந்துதான் நடந்தாள்.

முதல் நாலு மாதம் வந்த கடிதங்கள் வேறு யாரோ எழுதியவை. சௌக்கியம், சாப்பாடு நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான். கார்த்திகை மாதம் ஒரு கவர் வந்தது. அது அவன் கையெழுத்து. கோணல் மாணலாக இப்படி எழுதியிருந்தான்:

"மாமாவுக்கு தங்கராசு எழுதிக்கொள்வது. எனக்கு இங்க ஒன்னும் வெளங்கல. காதுல கட்டுக் கட்டுனு சத்தம் வருது. எல்லாரும் அத இங்கிலீசு எழுத்தா எழுதுறாங்க. நான் பக்கத்துல லால்குடி சாமிக்கண்ணுவப் பாத்து எழுதுறேன். ஒரு எழுத்து தப்புனா நம்ம ஆளுங்க தலமேலயே குண்டு விழும்னு சொல்றாங்க. கப்பல்ல போனப்புறம் தனித்தனியா உக்கார வெப்பாங்களாம். பயமா இருக்கு மாமா. அக்காகிட்ட சொல்லாதீங்க."

"என்ன எழுதியிருக்கான்?" என்று செல்லம்மா கேட்டாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"சௌக்கியமா இருக்கானாம். ஒடம்புல சதை புடிச்சிருக்காம்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் வெளியே போய்விட்டேன்.

அன்றிலிருந்து நான் வேண்ட ஆரம்பித்தேன். சிறுவாச்சூர் மதுரகாளி எங்கள் குலதெய்வம். "தாயே, இது வெளியே வராமல் பார்த்துக்கொள். அவனும் எப்படியாவது கற்றுக்கொள்ளட்டும்." காலையிலும் மாலையிலும் இதே வேண்டுதல். வேண்ட வேண்ட நிம்மதி போனதே தவிர வரவில்லை. அது ஏன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்தக் கடிதம் வந்தது. இங்கிலீஷில் நாலே வரி. இந்தப் பெயருள்ள ஆளுக்கு எழுத்தே சரியாகத் தெரியவில்லை, உங்கள் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு தேறியது உண்மைதானா, உடனே பதில் எழுதவும்.

ஹெட்மாஸ்டர் ஊரில் இல்லை. கேட்டவர் நூற்றுக்கணக்கான மைலுக்கு அப்பால். 'உண்மைதான்' என்று எழுதிப் போட்டால் போதும், முடிந்தது விஷயம். ஆனால் ஜப்பான்காரன் சண்டையில் இறங்கிவிட்டான் என்று பேப்பரில் வந்திருந்தது. உண்மை என்று எழுதினால் அவன் கப்பல் ஏறுவான். பொய் என்று எழுதினால் என் வேலை போகும். என்னை ஜெயிலில் போடலாம். அவனையும் போடலாம். இரண்டு விதமாகவும் பதில் எழுதினேன். இரண்டையும் கிழித்தேன். மறுபடி எழுதினேன். மறுபடி கிழித்தேன்.

எட்டாம் நாள் செல்லம்மாவிடம் சொன்னேன். அவள் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

"நெசந்தான்னு எழுதிப் போட்டுடுங்க. இல்லாட்டி என் தம்பிக்கு வெலங்கு மாட்டிடுவாங்க."

அப்போதுதான் கார்த்திகையில் வந்த கவரை எடுத்து அவளுக்குப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டாள். மடியில் வைத்திருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"அன்னிக்கி சௌக்கியம்னு சொன்னீங்களே."

அவள் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பிவிட்டேன். பள்ளிக்கூடத்துக்குச் சொல்லவில்லை. பெரம்பலூர் வரை பஸ். அங்கிருந்து சிறுவாச்சூருக்கு நடந்தேன். நடந்தேன் என்பதைவிட ஓடினேன் என்று சொல்லலாம். கோயிலுக்கு முன்னால் போய் நின்றபோது நடை சாத்திக் கிடந்தது. பூட்டைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. திங்களும் வெள்ளியும்தான் நடை திறப்பார்கள் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். எனக்கு நாள் கிழமையே மறந்து போயிருந்தது.

வண்டி ஓட்டிக்கொண்டு போன ஒருவர், "இன்னிக்கி பொதங்கெழமைங்க. வெள்ளிக்கெழம வாங்க" என்றார்.

"வெள்ளிக்கெழம வரைக்கும் என்னால தாங்க முடியாதுங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

பூட்டிய கதவுக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்தேன். வழக்கமான வேண்டுதலை ஆரம்பித்தேன். 'தாயே, இது வெளியே வராமல்...' அதற்கு மேல் வாய் வரவில்லை. ஒருத்தன் உயிர் போகப் போகிறது, நான் என் முத்திரையைக் காப்பாற்றச் சொல்லி ஆத்தாவிடம் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன். அவனுடைய உயிர் மட்டுமா? அவன் தப்பாக எழுதுகிற ஒரு எழுத்தால் எவன் எவன் வீட்டுப் பிள்ளைகளோ சாகலாம். அன்றைக்குத்தான் நான் செய்தது இன்னதென்று எனக்கு முழுசாகத் தெரிந்தது. சின்னப்பிள்ளை மாதிரி சத்தம் போட்டு அழுதேன்.

"ஆத்தா, பொய் சொன்னவன் நான். என்னை என்ன வேணும்னாலும் செய்துக்கோ. அந்தப் பிள்ளை உசுரோட திரும்பி வரணும். அவனால யாரும் சாகக்கூடாது. எழுதற தைரியத்த எனக்குக் குடு."

நெடுநேரம் கழித்துத்தான் கவனித்தேன். ஒன்பது நாளாக ஓரிடத்தில் உட்கார முடியாத நான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவுதான் நடந்தது. அசரீரி கேட்கவில்லை, கதவு திறக்கவில்லை. ஆனால் அந்த நிதானம் போவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. பெரம்பலூர் போஸ்ட் ஆபீஸுக்கு வந்தேன். நின்றுகொண்டே எழுதினேன். இந்த ஆள் அஞ்சாம் வகுப்பைக்கூட முடிக்கவில்லை, சர்ட்டிபிகேட் என் கையால் எழுதிய பொய், தப்பு முழுக்க என்னுடையது, தயவுசெய்து அவனை அந்த வேலையில் வைக்காதீர்கள். மனசு மாறுவதற்குள் பெட்டியில் போட்டேன்.

போட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். அதற்குப் பிறகுதான் பெரிய தவிப்பு. செல்லம்மாவிடம் உள்ளதைச் சொன்னேன்.

"என் தம்பிய ஜெயிலுக்கு அனுப்பிட்டீங்க" என்றாள். அதோடு சரி. சோறு போடுவாள், பேச மாட்டாள்.

ஆனால் ஒவ்வொரு திங்களும் வெள்ளியும் சிறுவாச்சூருக்கு என்னோடு வந்தாள். எனக்குப் பத்தடி முன்னால் நடப்பாள். கோயிலிலேயே அரிசியை இடித்து மாவிளக்கு போடுவாள். இடிக்கும்போது உலக்கை விழுகிற வேகத்தைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும். அவள் என்ன வேண்டினாள் என்று நான் கேட்டதில்லை.

மார்கழி கடைசியில் தங்கராசுவிடமிருந்து ஒரு கார்டு. 'தை பொறந்ததும் கப்பல் ஏறப் போறோம்.' என் கடிதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. என் கடிதம் போய்ச் சேர்ந்ததா, சேர்ந்தும் யாரும் பிரிக்கவில்லையா? பொங்கலன்று எங்கள் வீட்டில் பானை வைக்கவில்லை. தினமும் போஸ்ட்மேனுக்கு எதிரே போய் ஊர் எல்லையில் நிற்பேன். அவர் தூரத்திலேயே கையை விரித்துக் காட்டிவிடுவார்.

அதற்கு நடுவில், பட்டாளத்திலிருந்து தகவல் கிடைத்துப் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வந்தார். ரெஜிஸ்தரைக் கேட்டார். அந்த வரியை நானே விரலை வைத்துக் காட்டினேன்.

"நீயே எழுதி ஒத்துக்கிட்டதால போலீசுக்குப் போகல. சாவியக் குடுத்துட்டு கெளம்பு" என்றார்.

தங்கராசுவைக் கப்பல் ஏற்றிவிட்டார்களா என்று கேட்டேன், அது அவருக்குத் தெரியவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். ஊரே வேடிக்கை பார்த்தது.

தை மாதம் கடைசி வாரம். மத்தியானம். நானும் செல்லம்மாவும் காட்டில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தோம். அவள் திடீரென்று நிமிர்ந்தாள். மடியில் இருந்த பருத்தி கொட்டியது. அதை மிதித்துக்கொண்டு ஓடினாள். வண்டிப்பாதையில் தகரப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு தங்கராசு வந்துகொண்டிருந்தான்.

அக்கா கட்டிப் பிடித்ததும் அழுதான். என்னைப் பார்த்ததும் அழுகையை நிறுத்தினான்.

"ரயிலடியில வரிசையா நிக்கிறோம். மூட்டையெல்லாம் ஏத்தியாச்சு. ஒரு ஆபீசர் கையில கடுதாசியோட வந்து என் பேரச் சொல்லிக் கூப்ட்டாரு. அத்தன பேரும் பாக்க என்ன வெளிய இழுத்து நிறுத்துனாரு. 'இவன் படிக்காதவன், பொய் சொல்லி வந்தவன்'னு எல்லாருக்கும் கேக்கறாப்புல சொன்னாரு. வண்டி கெளம்பிப் போயிடுச்சு மாமா. நான் மட்டும் நிக்கிறேன். என்ன உசுரோட பொதச்சிட்டீங்க."

காறித் துப்பினான். நான் துடைத்துக்கொண்டேன். எனக்குக் கோபம் வரவில்லை. அவன் என் எதிரே நிற்கிறான், மூச்சு விடுகிறான். எனக்கு அது போதும்.

கடிதம் ஒரு நாள் தாமதித்திருந்தால்? ஒரு மணி நேரம் தாமதித்திருந்தால்? ரயில் கிளம்பும் முன் அது அந்த ஆபீசர் கைக்குப் போய்ச் சேர்ந்ததே, அதைச் சேர்த்தது யார்?

மாசி மாதம் சிங்கப்பூர் விழுந்துவிட்டது என்ற செய்தி வந்தது. அவனோடு இருந்தவர்கள் போனது அங்கேதான். அன்று தங்கராசு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "சாமிக்கண்ணு அங்க இருக்கான் மாமா" என்று மட்டும் சொன்னான். செல்லம்மா இரண்டு பேருக்கும் சோறு போட்டாள். "நீங்களும் சாப்பிடுங்க" என்றாள் என்னைப் பார்த்து. இரண்டு மாதத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

சாமிக்கண்ணு திரும்பவில்லை. சண்டை முடிந்த பிறகு நானும் தங்கராசுவும் லால்குடிக்குப் போய் அவன் தகப்பனாரைப் பார்த்தோம். அந்த மனிதரும் கும்பிடாத சாமி இல்லை. எங்களுக்குக் கிடைத்தது அவருக்கு ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. தெரிந்த மாதிரி சொன்னால் அது இன்னொரு பொய். அவர் காலில் விழுந்துவிட்டு வந்தோம். வருஷா வருஷம் போய்ப் பார்க்கிறோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அடுத்த வருஷம் பட்டாளத்தில் ஆள் போதாமல், படிப்பில்லாதவர்களையும் லாரி ஓட்டப் பழக்குகிறோம் என்று எடுத்தார்கள். தங்கராசு மறுபடி கிளம்பினான். செல்லம்மா தடுத்துப் பார்த்தாள், முடியவில்லை. நானும் அவனோடு திருச்சிக்குப் போனேன். மேஜைக்குப் பின்னால் இருந்தவர், "எதுவரைக்கும் படிச்சே?" என்று கேட்டார்.

"அஞ்சாவதுங்க. அதுவும் முழுசா இல்ல. முன்ன ஒருவாட்டி எட்டாவதுன்னு பொய் சொல்லிச் சேந்தேன், வெளிய அனுப்பிட்டாங்க. அதையும் எழுதிக்குங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டார். எடுத்துக்கொண்டார்கள். சண்டை முடிந்து முழுசாகத் திரும்பி வந்தான். இப்போது பெரம்பலூரில் பஸ் ஓட்டுகிறான். பெண்சாதி, இரண்டு பிள்ளைகள்.

நான் மறுபடி வாத்தியார் ஆகவில்லை. தாலுகா ஆபீஸ் வாசலில் மரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுக்கிறேன். வயதை மாற்றி எழுதச் சொல்லி வருவார்கள், படிப்பைக் கூட்டி எழுதச் சொல்லி வருவார்கள். கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுவேன். சிலர் திட்டிவிட்டுப் போவார்கள். எனக்கு இப்போது சோறு இறங்குகிறது. படுத்தால் தூக்கம் வருகிறது.

உங்களில் யாராவது அந்த மார்கழியில் நான் இருந்த மாதிரி உட்கார முடியாமல், நிற்க முடியாமல் தவித்துக்கொண்டிருக்கலாம். உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். மறைக்கச் சொல்லி ஆத்தாவைக் கேட்காதீர்கள். என்ன செய்தீர்களோ அதை அப்படியே அவளிடம் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருக்க வேண்டாம். நடை சாத்தியிருந்தாலும் பரவாயில்லை, போய் உட்காருங்கள். அவளுக்குக் காது கேட்கும்.