மணமகள் இல்லாத கலியாணப் படம்

ஜுனைத் நானா ஆலங்குடாவில் மவுத்தானார். பக்கத்துக் கண்டக்குழியில் இருக்கும் எனக்கு அந்த மரணச் செய்தி கனடாவிலிருந்து வந்தது. மகள் ரிஸ்னா குரல் பதிவு அனுப்பியிருந்தாள். அழுதுகொண்டே பேசியதால் பாதி விளங்கவில்லை. "ஜுனைத் மாமா" என்பதும் "சுபஹ் தொழுதிட்டுப் படுத்தவர்" என்பதும் மட்டும் தெளிவாகக் கேட்டன. மீன்பிடி என்ஜின்களுக்குச் சாமான் விற்கும் என் கடையைத் தாண்டாமல் இந்தக் கற்பிட்டிக் கரையில் ஒரு புதினமும் போகாது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிபவன் நான். அதனால் எனக்கு முதலில் வந்தது துக்கமில்லை, வெட்கம்.

பக்கத்துப் பாண் கடைக்காரரிடம் போய் விசாரித்தேன்.

"யாரு சென்ன?" என்றார்.

"மகள். கனடாவிலிருந்து."

"அப்ப சரியாத்தான் இரிக்கும். நானா அனுப்பின ஆக்களுக்குத்தானே மொதல்ல தெரியும்."

இன்னா லில்லாஹி சொன்னேன். அதன் பிறகு கடையைப் பூட்டினேனா என்று நினைவில்லை. பூட்டவில்லை என்று பின்னேரம் தெரிந்தது.

அவரை அறிந்த உங்களுக்கு அவர் யாரென்று நான் சொல்லத் தேவையில்லை. அறியாத இரண்டொருவருக்காகச் சொல்கிறேன். கணவனிடம் போகும் மனைவி, பிள்ளைகளிடம் போகும் உம்மா, இப்படிக் குடும்ப விசாவுக்கு எழுதிப்போட விரும்பியவர்கள் எல்லாரும் இருபது வருடங்களாக ஏறி இறங்கிய வாசல் அவருடையது. அவர் ஏஜென்சிக்காரர் இல்லை. சட்டத்தரணியும் இல்லை. எஸ்.எஸ்.ஸி. பாஸ் பண்ணிவிட்டு மன்னாரில் ஒரு கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவர்.

தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களைப் புலிகள் மன்னாரிலிருந்து வெளியேற்றியபோது, வள்ளத்தில் இந்தக் கரைக்கு வந்து இறங்கினார். அகதி முகாமில் ஓர் உத்தியோகத்தர் அடையாள அட்டை கேட்டாராம். அட்டை மன்னார் வீட்டு அலுமாரிக்குள் இருந்தது. நானாவின் இடுப்பில் இருந்தது அலுமாரித் திறப்பு, அந்தச் சாவி மட்டும். அதை எடுத்துக் காட்டியிருக்கிறார். திறப்பை எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

"அண்டைக்குத்தான் தம்பி எனக்கு வெளங்கிச்சு," என்று அவர் ஒருநாள் சொன்னார். "எந்த ஃபோம்லயும் எங்கட சீவியத்துக்குக் கட்டம் இராது. அதுக்காக இரிக்கிற கட்டத்துல பொய்ய எழுதப்படாது. வேற தாள் எடுத்து உள்ளத வெளங்கப்படுத்தி எழுதி, சேத்து வைக்கணும்."

அந்த 'வேற தாள்'தான் அவருடைய வித்தை. எத்தாளையிலிருந்து ஒருவர் மகனிடம் போக வந்தார். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் அவர் பெயர் ஒரு விதம், அடையாள அட்டையில் வேறு விதம், பாஸ்போட்டில் மூன்றாவது விதம். "இதச் சொரண்டிச் சரியாக்கினா என்ன நானா?" என்று கேட்டார். நானா பதறிப்போனார். சமாதான நீதவானிடம் அனுப்பி, மூன்று பெயரும் ஒரே ஆள்தான் என்று சத்தியக் கடதாசி முடிக்க வைத்தார். "பொண்ணு பேசப் போற எடத்துல கொஞ்சம் கூட்டிக் கொறச்சுச் செல்லலாம். ஃபோம்ல ஏலா. நூறு உண்மைக்குள்ள ஒரு பொய் இருந்தா, அந்த நூறும் சந்தேகத்துக்குப் போயிடும்." இதை அவர் சொன்னபோது நானும் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தேன், என் காதாலேயே கேட்டேன். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் செய்த காரியம் இதைக் கேட்டுச் சில மாதங்களுக்குப் பிறகுதான்.

ரிஸ்னாவுக்குக் கலியாணம் பேசி வந்தது. மாப்பிள்ளை கனடாவில் லொறி ஓட்டுபவர். என் மனைவியின் தூரத்துச் சொந்தம். நல்ல பிள்ளை. குறை சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று மூன்று கிழமை தேடினேன், கிடைக்கவில்லை. நிக்காஹ் பள்ளிவாசலில் நடந்தது. எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். பெண் வீட்டில் இருப்பாள். பெண்ணின் சார்பில் வாப்பா பள்ளிக்குப் போய், மாப்பிள்ளையின் கையைப் பிடித்து ஒப்புக்கொடுப்பார். பதிவேட்டிலும் பெண்ணின் கையெழுத்து இருக்காது. ஆகவே ஆல்பத்தில் எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் மாப்பிள்ளை என் கையைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறார், அதுவும் என் கண்ணில் நீர் ததும்ப. விசயம் தெரியாத ஒருவர் பார்த்தால் அவர் என்னைத்தான் கலியாணம் முடித்தார் என்று நினைப்பார்.

மருமகன் மகளை அழைத்துக்கொள்ள விண்ணப்பம் தயாரானது. நானா பட்டியல் போட்டார். கலியாணப் பத்திரத்துக்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பு, பொலிஸ் அறிக்கை, இரண்டு பேரும் வாட்ஸ்அப்பில் கதைத்தவற்றில் மாதத்துக்குக் கொஞ்சம். "தேன் ஒழுகிறத மட்டும் பொறுக்க வேணாம்," என்றார் ரிஸ்னாவிடம். "என்ன சாப்பிட்ட, தல வலிக்குது, அதுகளையும் போடுங்க. சண்ட பிடிச்சா அதையும் போடுங்க. சண்ட பிடிக்காத புருசன் பொஞ்சாதிய யாரு நம்புவாங்க?" வாப்பா அதைப் படிக்கக் கூடாது என்பது மகள் போட்ட நிபந்தனை. கொப்பி எடுக்கும் கடையில் காத்து நின்றபோது, காற்றில் ஒரு தாள் விலகியதால் ஒரே ஒரு வரியைப் படித்துவிட்டேன். 'வாப்பா நெடுக அழுற மாதிரியே இரிக்கார். கேட்டா தூசு எண்டுறார்.'

படங்கள் பதின்மூன்று. "பொண்ணு இல்லாத கலியாணப் படத்த அவங்க நம்புவாங்களா நானா?" என்று கேட்டேன். "நம்பவைக்கிறது எங்கட வேல இல்ல. வெளங்கப்படுத்திறது மட்டுந்தான் எங்கட வேல," என்று ஒரு பக்கம் எழுதிச் சேர்த்தார். அவருடைய வாசலைக் கடந்து வெள்ளைக்காரர் இருவர், கடலில் சறுக்கும் பெரிய பட்டங்களைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்கள். அவர்களிடம் இந்த ஊரில் யாரும் கலியாண ஆல்பம் கேட்பதில்லை என்றேன். நானா சிரிக்கவில்லை. பட்டியலைத் திரும்ப ஒரு முறை சரிபார்த்தார்.

இனி என் கைங்கரியம். நிக்காஹ்வுக்கு மறுநாள், படக்காரர் இன்னும் போகாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, நான் மணமக்களை முன் அறையில் இருத்தி இன்னொரு படம் எடுக்க வைத்திருந்தேன். ரிஸ்னா பேனை பிடித்துப் பெரிய புத்தகம் ஒன்றில் கையெழுத்து வைக்கிறாள், மாப்பிள்ளை பார்த்துப் பூரிக்கிறார். அவள் பாலர் பாடசாலையில் படிப்பிப்பவள். புத்தகம் அங்கத்துப் பிள்ளைகளின் வரவுப் புத்தகம். ஏதோ ஞாபகத்துக்கு என்று அவர்கள் சிரித்துக்கொண்டே இருந்து கொடுத்தார்கள். நானாவுக்குச் சொல்லாமல் அந்தப் படத்தைப் பதினான்காவதாகச் சேர்த்து, பதிவேட்டில் மணமகள் கையெழுத்திடுகிறார் என்று அடியில் எழுதவைத்து அனுப்பியது நான்.

சில மாதங்களில் கடிதம் வந்தது. பதினான்காவது படத்தில் விண்ணப்பதாரி பதிவேட்டில் கையெழுத்து வைக்கிறார், அனுப்பிய கலியாணப் பத்திரத்தில் அவருடைய கையெழுத்தே இல்லை, இரண்டில் எது உண்மை, முப்பது நாட்களுக்குள் விளக்கவும். கேட்ட கேள்வி நியாயமானது. ரிஸ்னா இரண்டு நாள் சாப்பிடவில்லை. என்னோடு கதைக்கவும் இல்லை. நான் தனியாக நானாவிடம் போனேன்.

அவர் பூதக்கண்ணாடியை எடுத்துப் படத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"தம்பி, இந்தப் பொத்தகத்து அட்டையில முயலொண்டு இரிக்கு."

"ஓம் நானா."

"கரட் தின்னுது."

"ஓம்."

"கலியாணப் பதிவாளர் எப்பருந்து முயல் வளக்கிறார்?"

நான் சிரித்தேன். தனியாகத்தான் சிரித்தேன். அவர் கண்ணாடியை மேசையில் வைத்தார்.

"ஒண்டு கேக்கிறன், கோவிக்கப்படாது. இது மொக்குத்தனத்துல செஞ்சதா? இல்ல, மகள் போகப்படாதெண்டு செஞ்சதா?"

"மொக்குத்தனம் எண்டே எழுதுங்க நானா."

"எழுதிறதுக்குக் கேக்கல்ல. அதுக்கு எனக்கு வசனம் இரிக்கு. உங்களுக்காகத்தான் கேட்டன்."

நான் படத்தை எடுத்து உறைக்குள் போட்டேன். கௌரவம் பார்த்து மறைத்தேன் என்று நினைக்காதீர்கள். உண்மையில் எனக்குத் தெரியவில்லை. விசா கிடைக்க வேண்டும் என்று எல்லாத் தொழுகையிலும் கேட்டவன் நான். பொய்ப் படம் ஒன்று எல்லாவற்றையும் கெடுக்கும் என்று அவர் வாயால் கேட்டிருந்தும் அதைச் சேர்த்தவனும் நானே. இரண்டு பேரும் ஒரே சறத்தைக் கட்டிக்கொண்டுதான் நடமாடியிருக்கிறார்கள்.

மறுநாள் ரிஸ்னாவையும் கூட்டிவரச் சொன்னார். "மகள், கையெழுத்து இல்லையெண்டா உங்கட சம்மதம் எங்க இரிக்கு? அதச் செல்லுங்க, அப்பிடியே எழுதுவம்."

அவள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "பள்ளிக்குப் போக முந்தி வாப்பா அறைக்கு வந்தாங்க. சம்மதமா எண்டு கேட்டாங்க. ஓம் எண்டன். வாப்பா திரும்பவும் கேட்டாங்க. திரும்பவும் ஓம் எண்டன்."

நானா என்னைப் பார்த்தார். "ரெண்டாந்தரம் ஏன் கேட்டீங்க?"

"காது கேக்கல்ல," என்றேன்.

"நல்லாச் சத்தமாத்தான் சென்னன்," என்றாள் மகள்.

அவர் ஆங்கிலத்தில் எழுதி எங்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டினார். எங்கள் நிக்காஹ் எப்படி நடக்கும் என்று ஒரு பந்தி. பதினான்காவது படத்தில் இருப்பது பாலர் பாடசாலை வரவுப் புத்தகம், அதை எடுக்கவைத்ததும் சேர்த்ததும் மணமகளின் தந்தை, சேர்த்தது மணமக்களுக்குத் தெரியாது என்று ஒரு பந்தி. கடைசியில், மணமகளிடம் தந்தை இரண்டு முறை சம்மதம் கேட்டார், இரண்டு முறையும் அவர் ஆம் என்றார் என்று ஒரு வரி. சமாதான நீதவான் முன்னால் கையெழுத்து வைத்தேன். பொய் சொன்னேன் என்று சத்தியம் செய்து கொடுத்த மனிதன் இந்தப் பக்கத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

விசா வந்தது. ரிஸ்னா போனாள். போகுமுன் நானாவின் வீட்டுக்குப் போய்ச் சலாம் சொன்னாள். நான் வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தாமல் என்ஜினை ஓடவிட்டுக்கொண்டு இருந்தேன். அதன் பிறகு அவர் வீட்டுப் பக்கம் நான் போகவில்லை. வழியில் கண்டால் ஹோர்ன் அடித்துவிட்டுப் போவேன். நன்றி சொன்னேனா? கட்டைவிரல் படம் ஒன்றைப் போனில் அனுப்பினேன், அவ்வளவுதான். அவர்மேல் எனக்குக் கோபமா? மகளை மருமகனிடம் கொண்டுசேர்த்த மனிதர். வீட்டில் ஒரு சாப்பாட்டுக் கோப்பையைக் குறைத்த மனிதரும் அவர்தான்.

அடக்கத்துக்கு மையவாடியில் பெரிய கூட்டம் இல்லை. அவர் படிவம் எழுதிக்கொடுத்தவர்களில் பாதிப்பேர் கடல் கடந்து இருக்கிறார்கள். அவர்களுடைய வாப்பாமாரும் உம்மாமாரும் நின்றார்கள், தூரத்தில் இருப்பவர்களுக்குப் போனில் காட்டிக்கொண்டு. நானும் போனை எடுத்துப் பிடித்தேன். ரிஸ்னாவின் முகம் சின்னக் கட்டத்தில் தெரிந்தது. மண் போடக் குனிந்ததில் போன் சரிந்து, அவளுக்கு வானம் மட்டும்தான் தெரிந்ததாம்.

ரிஸ்னாவுக்கு இப்போது ஏழு மாதம். பிள்ளைப்பேறு பார்க்க உம்மா வரவேண்டும் என்று அழைப்புக் கடிதம் அனுப்பியிருக்கிறாள். அதைச் சாட்டி, வரும் வெள்ளிக்கிழமை நானாவிடம் போவதாக இருந்தேன். போய் என்ன கதைப்பது என்றும் கொஞ்சம் யோசித்து வைத்திருந்தேன். இப்போது அந்த விண்ணப்பத்தை நானே எழுதுகிறேன். ஒரு கேள்வியை மூன்று முறை வாசிக்கிறேன். கேட்டதற்குப் பதில் எழுதுகிறேன். கேட்காததை எழுதக் கை போனால் அதைப் பிடித்து நிறுத்துகிறேன். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான், அதுவும் அரைகுறையாக.

பயணம் முடிந்து இலங்கைக்குத் திரும்புவார் என்பதற்குக் காரணங்கள் என்ன என்று ஒரு கேள்வி இருந்தது. மனைவியைக் கேட்டேன். அவள் அடுப்படியிலிருந்து சொன்னாள்.

"மீனாணம் ஆக்கத் தெரியாத மனிசன் ஒராள் இங்க தனியா இரிக்கார் எண்டு எழுதுங்க."

"காணி, வீடு எண்டு ஏதாவது செல்லு. இது காணாது."

"எனக்கு அதுதான் காரணம். வேற என்ன செல்ல?"

காணியும் வீடும் அவள் பெயரில்தான் இருக்கின்றன. உறுதிப் பத்திரங்களின் கொப்பிகளை இணைத்தேன். பிறகு இன்னொரு தாள் எடுத்து, என் உடைந்த ஆங்கிலத்தில், அவள் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதினேன். நானா இருந்திருந்தால் அந்த வரியை விட்டிருப்பாரா, வெட்டியிருப்பாரா, எனக்குத் தெரியாது. நான் அதை அப்படியே இருக்க விட்டேன்.