ரஹ்மத்தின் வலது கை

எங்கள் லப்பைக்குடிக்காட்டிலிருந்து, கல்லாகிப்போன எலும்புகளைத் தேடி ஆராயக் கிளம்பிய முதல் பெண் என் அக்கா ரஹ்மத். அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில் பழங்காலப் பிராணி ஒன்றின் தொடை எலும்பைக் கண்டுபிடித்தாள். விஷயம் பரவினால் குவாரியை மூடிவிடுவார்கள் என்று மேஸ்திரி தங்கராசுக்குப் பயம். சம்மட்டியோடு வந்தான்.

"செத்த மாட்டு எலும்புக்கு இவ்ளோ சீனா? நவுரும்மா!"

"மாடுன்னு ஒண்ணு பொறக்கறதுக்கு முன்னாடியே செத்ததுண்ணே இது. தொடாதீங்க."

அவன் ஓங்கினான். அக்கா எலும்பின்மேல் கவிழ்ந்தாள். சம்மட்டி அவள் வலது முன்கையை நொறுக்கியது. சதையைக் கிழித்துக்கொண்டு எலும்பு வெளியே வந்தது. சுண்ணாம்புக்கல் முழுக்க ரத்தம். தங்கராசு சம்மட்டியைப் போட்டுவிட்டு ஓடினான்.

புதைந்த எலும்பை உடையாமல் எடுக்க மாவுக்கட்டுதான் போடுவார்கள். கையிலிருந்த ஒரே சுருளை, கூட வந்திருந்த அக்காவின் கல்லூரி மாணவி பிரவீணா அழுதுகொண்டே அக்காவின் கையில் சுற்ற வந்தாள்.

"அடி லூசு, எனக்கு ஆஸ்பத்திரியில போடுவாங்க. அந்த எலும்புக்குச் சுத்தி வண்டியில ஏத்து. அவன் ஆள கூட்டிட்டு வந்துடுவான்."

எலும்பை ஏற்றிய பிறகுதான் அவள் ஏறினாள்.

எலும்பு இப்போது கல்லூரிக் கண்ணாடிப் பெட்டியில் முழுசாக இருக்கிறது. அக்காவின் விரல்கள் மடங்குவதில்லை. ஷார்ஜாவிலிருந்து தினமும் வீடியோ காலில், "சோறு அள்ள முடியுதா?" என்று கேட்கிறேன்.

"கரண்டி எதுக்குடா இருக்கு?" என்கிறாள்.